மயிலாத்தாள் மடித்த கம்பளி

கொடுக்கிறதைப் பத்தியே இவ்வளவு நேரம் பேசிட்டேன்… நீங்களும் தலையாட்டிட்டே இருந்தீங்க. கொடுக்கிறதுல நம்மாளுகளை அடிச்சுக்க ஆளில்லை, ஒத்துக்கறேன். ஆனா வாங்கிக்கத் தெரியுமா நமக்கு? சிரிக்காதீங்க… நிஜமாத்தான் கேக்கறேன். சின்னதா ஒரு கதை சொல்றேன், கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லுங்க.

தாராபுரம் பக்கத்துல மயிலாத்தாள்னு ஒரு அம்மா. வீட்டுக்கு யார் வந்தாலும் முருங்கைக்காயாவது பறிச்சுக் கொடுத்துத்தான் அனுப்புவாங்க. ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் வாங்க மாட்டாங்க. "ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்!"… அவ்வளவுதான், பொருள் வந்த வழியே திரும்பிப் போயிடும்.

மகன் நந்தகோபாலுக்குக் கனடாவுல வேலை, மேற்குக் கடற்கரையில. அங்கே எலிஸ்னு ஒரு பொண்ணைப் புடிச்சுப்போச்சு. யாரு அந்தப் பொண்ணு? சேலிஷ்னு சொல்ற ஆதிகுடி. வெள்ளைக்காரன் கப்பல் வர்றதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடியே அந்தக் கரையில குடியிருக்கிற சனம்.

உடனே என்ன நினைக்கிறீங்க? இறகு வெச்ச தலைப்பாகை, வில்லு, அம்பு… அதானே? அட போங்க! அந்தப் பொண்ணு உலை முன்னாடி நின்னு கண்ணாடி ஊதுறவ. மாமன் தேவதாரு மரம் செதுக்குறவர். அம்மா வெர்னா தறியில உட்கார்றவங்க. ஆளுக்கொரு பொருள். ஆனா எல்லாத்துலயும் ஒரு வட்டம், ஒரு பிறை… குளத்துல கல்லு போட்டா அலை விரியுமே, அப்படி. மரத்துலயும் அந்த அலை… கண்ணாடியிலயும் அந்த அலை… கம்பளியிலயும் அதே அலை.

கல்யாணத்துக்கு மயிலாத்தாள் போய்ச் சேர்றாங்க. கடலோரம், மரத்தால கட்டின பெரிய கூடம். வெளியே பனிமூட்டம்… கடல் எது, வானம் எதுன்னே தெரியலை. ஜன்னல்ல மருமக செஞ்ச கண்ணாடி. அது வழியா வர்ற வெளிச்சம் பச்சையா, மெதுவா, தரையில ஆடுது. எங்கேயோ ஒரு மேளம் விட்டு விட்டுக் கேக்குது. அந்தம்மா எங்கிட்ட சொன்னாங்க, "தண்ணிக்குள்ள நடக்கறாப்பல இருந்துச்சுங்க. முழிச்சிருக்கனா, தூங்கறனான்னே தெரியலைங்க."

அந்தக் கனவுக்குள்ள வெர்னா வர்றாங்க. கையில வெள்ளைக் கம்பளி, ஓரமெல்லாம் கறுப்பும் காவியுமா அலை. அதை மயிலாத்தாள் காலடியில விரிச்சு, "வாங்க சம்பந்தி, இதுமேல நில்லுங்க"ன்னு கையைக் காட்டறாங்க.

நெய்யறப்போ மனசுல நல்ல நினைப்பு மட்டும்தான் இருக்கணும்பாங்க வெர்னா. கோபம் வந்தா தறியை விட்டு எழுந்துடுவாங்க… இல்லைன்னா அந்தக் கோபமும் நூலோட சேர்ந்து உள்ளே போயிடுமாம். முகமே பார்க்காத ஒரு சம்பந்திக்காகக் குளிர்காலம் பூரா நல்லதையே நினைச்சு நெய்த கம்பளி அது.

நம்ம மயிலாத்தாள் என்ன பண்ணாங்க தெரியுமா?

வெடுக்குன்னு காலைப் பின்னால இழுத்தாங்க. "ஐயோ சாமி! இத்தனை அழகை நான் மிதிக்கிறதா?" குனிஞ்சாங்க. எடுத்தாங்க. கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அழகா மடிச்சு, ரெண்டு கையாலயும்… வெர்னாகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டாங்க!

மேளம் நின்னுபோச்சு.

வெர்னா முகத்துல ரத்தமே இல்லை. நந்தகோபால் ஓடி வந்தான். "அம்மா! என்னம்மா பண்ணிட்ட? வந்தவங்க கால் வெறுந்தரையில படக்கூடாதுன்னு விரிச்சதும்மா அது. இதை மடிச்சுக் கொடுத்தா, இந்த உறவே வேண்டாம்னு சொன்ன மாதிரி! அங்கே வரிசையா உட்கார்ந்திருக்காங்களே, பேர் சொல்லிக் கூப்பிட்ட சாட்சிங்க. இன்னைக்கு நடந்ததை அவங்க ஆயுசுக்கும் நாலு பேருக்குச் சொல்லணும். இதையுமா சொல்றது?"

மயிலாத்தாளுக்குப் புரிஞ்சுபோச்சு. பையன் கல்யாணம்… தன் கையாலயே கெடுத்தாச்சு. அப்பதான் அந்தம்மா வாழ்க்கையிலேயே செய்யாத ஒண்ணைச் செஞ்சாங்க. முந்தானையை ஏந்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, வெர்னா முன்னாடி போய் நின்னாங்க.

"சம்பந்தி… எனக்கு அது வேணுங்க. விரிங்க."

பையன் மொழிபெயர்த்துச் சொன்னான். வெர்னா கம்பளியை மார்போட அணைச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டாங்க. "அப்புறம் ஏன் மடிச்சீங்க?"

"உசந்த பொருளுன்னு மடிச்சேனுங்க. எங்காலைப் பாருங்க, ஒரே பித்தவெடிப்பு. காடு கரையெல்லாம் நடந்த காலு."

வெர்னா குனிஞ்சு பார்த்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தாங்க… "அந்தக் காலுக்குத்தானே நெய்தேன்."

மறுபடி விரிச்சாங்க. மயிலாத்தாள் ஒரு கால் வெச்சாங்க… இன்னொரு கால் வெச்சாங்க. நின்னாங்க. அழுதாங்க. அந்தம்மா பின்னால எங்கிட்ட சொன்னாங்க, "எங்காலுக்கும் ஒருத்தி நல்லது நினைச்சிருக்காளேன்னு அழுகை வந்துருச்சுங்க."

சாட்சிங்கள்ல ஒருத்தர் எழுந்தார். "நான் பார்த்தேன். இந்தம்மா திருப்பிக் கொடுத்தாங்க. அப்புறம் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. ரெண்டையும் சொல்லுவேன்." மேளம் மறுபடி ஆரம்பிச்சுது.

இப்ப சொல்லுங்க. நாம எத்தனை கம்பளியை மடிச்சுத் திருப்பிக் கொடுத்திருக்கோம்? "எதுக்கு இந்தச் செலவு?" "எனக்கு எதுக்குப்பா, வேற யாருக்காவது கொடு." பணிவுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் சொல்றோம். ஆனா எதிர்ல நிக்கிறவன் பொருளையா நீட்டறான்? நம்மளை நினைச்சுக் கழிச்ச நாளை நீட்டறான் ஐயா… அதை வேண்டாம்னா அவனுக்கு எப்படி இருக்கும்?

அம்மாமாருங்களே, உங்களுக்குத்தான் சொல்றேன். உங்க பொண்ணு முதல் சம்பளத்துல ஒரு புடவை எடுத்துட்டு வருவா. விலை கேக்காதீங்க. பீரோவுக்குள்ள வைக்காதீங்க. அப்பவே பிரிச்சுக் கட்டிக்கிட்டு, அவ முன்னாடி வந்து நில்லுங்க. அவ கண்ணு குளிரப் பார்க்கட்டும்!