வேகத்தடையின் சத்தம்

"ஹலோ... ஹலோ, நான்தாண்டா, அக்கா... மீட்டிங்கா? அப்ப நீ மெதுவாப் பேசு, என்னால முடியாது. வாசல்ல மெஷின் வந்து நிக்குது."

கைப்பேசியில் சார்ஜ் தீரும் நிலைமை. சார்ஜர் ஒயரோ முழம் நீளம்கூட இல்லை. அதனால் ஜன்னலை ஒட்டியிருந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நின்று பேசினாள். அங்கிருந்து தெரு முழுசாகத் தெரிந்தது. வீட்டுக்கு நேரே சாலையின் குறுக்கே கிடந்த வேகத்தடை, அதைப் பெயர்க்க வந்து உறுமிக்கொண்டிருந்த மஞ்சள் இயந்திரம், பக்கத்தில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறியும் மேஸ்திரி.

"ஆமா... ஆமா, அதே ஸ்பீடு பிரேக்கர்தான். எடுக்கச் சொல்லி ஆர்டர்ங்கறார் மேஸ்திரி. இந்த ரோட்ல வண்டியே போறதில்லையாம், எண்ணிப் பாத்தாங்களாம்... யாரு எண்ணினது?... கேக்கறேன்ல, யாரு எண்ணினது?"

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தம்பி நகராட்சியில் சாலைத் திட்டப் பிரிவில் இருந்தான். எந்தத் தெருவில் எவ்வளவு வண்டி ஓடுகிறது என்று எண்ணித் தருவது அவன் வேலை. அதை வைத்துத்தான் எந்தச் சாலைக்குத் தார், எதற்கு வேகத்தடை, எதற்கு வெறும் கும்பிடு என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்தார்கள்.

"ம்... ம்... நீதான். அதைச் சொல்றதுக்கு எதுக்கு இத்தனை இருமல்?... சரி, என்னிக்கு எண்ணினே?... அன்னிக்கா? குழாய் போடறதுக்கு முனையிலேயே ரோட்டை அடைச்சு வச்சிருந்தாங்களே, அன்னிக்கா?... தெரியாதா? பைக்கைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு, சேத்துல நடந்து வந்து, புது ஷூ போச்சேன்னு என் படியில உக்காந்து கழுவினது யாரு? உன் ஆவியா?"

அன்று அவனுக்கு அவள்தான் சோறு போட்டாள். இதே ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் தெருவைப் பார்த்தான். ஒரு சைக்கிள் போனது. அதையும் ஓட்டி வந்தவர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார். இன்றைக்கு நிம்மதியான வேலை என்று சொல்லி இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"தேதி மேல குடுத்ததா... ஆமா... ஆமா, மாத்த முடியாது, சரி. ரோடு அடைச்சிருக்குன்னு ஒரு வரி எழுத முடியாதா? கையில சுளுக்கா?... என்னது, மாமாவா? மாமா வெளியதான் நிக்கறார். காலைலேர்ந்து நிக்கறார்."

அவள் கணவருக்குப் பார்வை போய்ப் பல காலம். சாலைக்கு எதிர்ப்புறம் சின்னக் கடையில் நாற்காலிகளுக்கு ஒயர் பின்னுகிறார். யாராவது கையைப் பிடித்து அழைத்துப்போனால் அவருக்குக் கோபம் வந்துவிடும். வேகத்தடை வந்த பிறகு அந்தத் தொல்லையும் இல்லை. வண்டி எதுவானாலும் அதில் ஏறி இறங்கும்போது டடக் என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டு அடங்கியதும் அவர் காலை எடுத்து வைப்பார். இன்று இயந்திரத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல், சாப்பாட்டுப் பையோடு சாலை ஓரத்தில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றிருந்தார்.

"துணைக்கு ஆளா? யாரு, நீ வர்றியா காலைலயும் சாயந்திரமும்?... இல்ல, சொல்லு, வர்றியா?... ம்... உன் வேலைக்கு ஆபத்தா... ஆமாப்பா, வேலை முக்கியம்தான்... த்தூ... இல்லல்ல, உன்னை இல்ல. வாயெல்லாம் தூசி."

தூசி ஒன்றும் இல்லை. இயந்திரம் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து இப்போதுதான் கைப்பிடியைத் தொட்டார்.

"டேய், ஓட்டறவர் ஏறிட்டார். நான் மேஸ்திரியைக் கூப்பிடறேன். ஷூ கழுவின கதையை ஒண்ணு விடாம சொல்றேன். அவர் கேக்கலேன்னா உன் ஆபீஸ் பெரியவர்கிட்ட வந்து சொல்றேன்... என்ன? லைன்ல இருக்கணுமா?... சரி, இருக்கேன். எங்க போகப் போறேன், ஒயர்தான் விட மாட்டேங்குதே."

அந்தப் பக்கம் அவன் வேறு போனை எடுத்து யாரையோ கூப்பிடுவது மங்கலாகக் கேட்டது. அவள் சிறுவயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த தம்பி அவன். நேராகச் சொல்லிவிடுவான் என்று உள்ளே ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. வெளியே மேஸ்திரியின் கைப்பேசி அடித்தது. அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார், தலையாட்டினார், ஓட்டுநரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"இறங்குப்பா. மெஷின் ரிப்பேராம்."

உறுமும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் கீழே குனிந்து பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது?"

"ஆபீஸ்ல ரிப்பேர்னு சொல்றாங்க. அணைச்சுட்டு இறங்கு."

இரைச்சல் நின்றது.

"ம்... இருக்கேன்... கேட்டேன், கேட்டேன். ரிப்பேராமே. தப்பா எண்ணிட்டேன்னு மட்டும் உன் வாயில வராது, இல்ல?... நன்றியா? உனக்கா?... ரிப்பேர் எப்ப சரியாகும்?... திங்கக்கிழமையா... ஆமா... அதானே பாத்தேன். அப்ப ஞாயித்துக்கிழமை சாப்பிட வா... நிஜமாத்தான் கூப்பிடறேன். எதிர்ப்பக்கம் மாமா கடை வாசல்ல நில்லு. கண்ணை மூடிக்கோ. அந்த மேடு இல்லேன்னு நெனச்சுக்கிட்டு, காதைப் பொத்திக்கிட்டு ரோட்டைத் தாண்டி வா. வந்து சேந்தா சோறு போடறேன்... ஹலோ?... டேய்... ஹலோ?"

வைத்துவிட்டான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெளியே ஒரு வேன் வந்தது. டடக். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அவள் கணவர் சாப்பாட்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டு சாலையில் இறங்கினார்.