பொறுமைசாலி என்று எழுதக் கூடாதென்ற ரோஸ்னிடா ஆசிரியைக்கு

சதவீதக் கணக்கின் சக்கரவர்த்தினியே! தள்ளுபடித் தட்டிகளின் தந்திரத்தைத் தவிடுபொடியாக்கிய தகைமையே! ஏழாம் வகுப்புக்கு ஏணியாய், எட்டாம் வகுப்புக்கு எச்சரிக்கையாய், எங்கள் அனைவருக்கும் இணையில்லாத் தோழியாய் இப்பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒளிர்ந்த பெருமதிப்பிற்குரிய இபு ரோஸ்னிடா அம்மையார் அவர்களே! நூற்றுக்கு இத்தனை என்று எவர் சொன்னாலும் "எந்த நூறு?" என்று திருப்பிக் கேட்கப் பாயகும்பு நகரத்துப் பிள்ளைகளைப் பழக்கிய பேராசிரியையே! வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், வழியனுப்ப மனமின்றி வரிசையில் நிற்கிறோம்!

இம்மடலின் முதல் படியை நாங்கள் சென்ற வாரமே எழுதி முடித்திருந்தோம். "பொறுமையின் சிகரமே" என்று அது தொடங்கியது. செய்தி எப்படியோ உங்கள் காதுக்கு எட்ட, ஆசிரியர் அறைக்குள் புயலாய் வந்து நின்றீர்கள்.

"யாரு எழுதினது இது? நான் பொறுமையின் சிகரமா? போன வருஷம் ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார், பசங்க தலையில பந்தை வீசி எறிஞ்சவரு, அவருக்கும் பொறுமையின் சிகரம்னுதானே எழுதிக் குடுத்தீங்க? உண்மையை எழுதுங்க. இல்லேன்னா மேடையிலேர்ந்து எறங்கிப் போயிடுவேன்."

"உண்மைன்னா எதை எழுதறது, உனி?" என்று கேட்டோம். அக்காவை நாங்கள் அப்படித்தானே அழைப்போம்.

"டெஸ்மிரா கதையை எழுதுங்க. வேற என்ன இருக்கு?"

ஆகவே, அவையோரே, அவர் கட்டளைப்படி அந்தக் கதையை உங்கள் முன் வைக்கிறோம். இதில் வரும் மன ஓட்டங்கள் எங்கள் கற்பனையல்ல. எல்லாம் அவரே தேநீர் நேரத்தில் எங்களிடம் கொட்டித் தீர்த்தவை.

டெஸ்மிரா இங்கே வருவதற்கு முன், சதவீதப் பாடம் என்றால் ரோஸ்னிடா, ரோஸ்னிடா என்றால் சதவீதப் பாடம். லெபரான் எனும் நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில், கடைகள் எல்லாம் "ஐம்பது சதவீதம், அதற்கு மேல் இருபது சதவீதம் தள்ளுபடி" என்று தட்டி மாட்டுகிற நேரம் பார்த்துத்தான் அந்தப் பாடத்தை எடுப்பார். மொத்தம் எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பார். "எழுபது!" என்று வகுப்பே கத்தும். அவர் அவசரப்படாமல் துணிக்கடைக்காரரைப் போல இடுப்பில் கைவைத்துச் சிரிப்பார். "கடைக்காரனுக்கு உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்பார். முதலில் பாதி போச்சு, மிச்சம் ஐம்பது. இரண்டாவது தள்ளுபடி அந்த ஐம்பதில்தான், நூறில் அல்ல. ஐம்பதில் இருபது சதவீதம் பத்து. ஆக அறுபது. அவ்வளவுதான். பெருநாள் கூட்டத்தில் தட்டியைப் பார்த்து நின்று "எந்த நூறு?" என்று முணுமுணுக்கிற தாய்மார்கள் இந்த ஊரில் இன்றும் உண்டு. எல்லாரும் அவரிடம் படித்தவர்கள்.

அப்படி இருக்கையில் மாகாணத் தலைநகர் பாடாங்கிலிருந்து மாற்றலாகி வந்தார் டெஸ்மிரா. வயதில் இளையவர், நான்கு அறை தள்ளிக் கேட்கும் சிரிப்புக்குச் சொந்தக்காரர். அவருக்கு ஏழு 'பி' கொடுக்கப்பட்டது. ரோஸ்னிடாவின் ஏழு 'ஏ'வுக்கு அடுத்த அறை.

பாடம் தொடங்கிய அன்று டெஸ்மிரா கையில் சுண்ணக்கட்டி இல்லை. மூங்கிலில் வெந்த முழு நீள லமாங் இருந்தது. தேங்காய்ப்பால் மணக்கும் அந்தப் பசையரிசிச் சோற்றுருளையைப் பிள்ளைகள் கண்ணெதிரே சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை ஒதுக்கினார். மீதிப் பாதியை ஐந்து துண்டாக்கி ஒரு துண்டை ஒதுக்கினார். "ஒதுக்கினது எவ்வளவு?" என்று கேட்டார். யாருமே எழுபது என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததே! ஒதுக்கியதைப் பிள்ளைகள் தின்றார்கள். மிஞ்சியதை வாழையிலையில் வைத்து ரோஸ்னிடாவின் மேசைக்கே கொண்டுவந்தார் டெஸ்மிரா.

"உனி, உங்க பங்கு."

"எனக்கு இனிப்பு ஆகாது" என்றார் ரோஸ்னிடா.

லமாங்கில் இனிப்பே கிடையாது என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

தான் ஆண்டாண்டாய்ச் சொல்லால் கட்டியதை ஒருத்தி சோற்றால் கட்டிவிட்டாளே என்று அவர் நெஞ்சு கொதித்தது. பாடம் நடத்தும்போது அடுத்த அறையில் சிரிப்பு வெடித்தால், இவர் குரல் தானாக ஏறும். சுண்ணக்கட்டி எடுக்கப் போகிறேன் என்று ஏழு 'பி' ஜன்னலைத் தாண்டி நடப்பார், வருவார். அந்த மாதம் அவர் மேசையில் சுண்ணக்கட்டி குன்றாய்க் குவிந்தது.

வீட்டிலும் இதே புலம்பல்தான். கணவர் பாக் பஹ்ருல் ஐயா ஒருநாள் சோற்றில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அவ மேல பொறாமைன்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றார் ரோஸ்னிடா.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லல. ஆனா மெல்றதை நிறுத்திட்டுப் பார்த்தீங்க."

காயம் ஆழமாய் இறங்கியது டெஸ்மிரா வந்த நான்காம் ஆண்டில்தான். ஏழு 'ஏ' மாணவி ஒருத்தியின் தாய் தலைமையாசிரியரிடம் வந்து, மகளை 'பி'க்கு மாற்றித் தரக் கேட்டார். அந்தத் தாயே ரோஸ்னிடாவிடம் படித்தவர். "இபு ரோஸ்னிடா நல்லாத்தான் நடத்துவாங்க, பாக். எனக்கே அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா பொண்ணு அடுத்த ரூம்லதான் காதை வெச்சிருக்கா." கதவுக்கு வெளியே நின்ற ரோஸ்னிடா அதை முழுவதும் கேட்டார். திரும்பி வகுப்புக்குப் போனார். அன்று முதல் அவர் நடத்திய பாடத்தைப் போல் இப்பள்ளி கண்டதில்லை. பலகை நெடுகப் பட்டை வரைந்தார், வெட்டினார், வண்ணம் தீட்டினார். தேறாத பிள்ளைகளை மதியத் தொழுகைக்குப் பின் பிடித்து உட்காரவைத்தார். டெஸ்மிராவை ஜெயிக்க வேண்டும். அதற்கு மேல் எதுவும் அவர் மனதில் இல்லை.

ஆண்டு முடிவில் கூட்டம். கணித ஆசிரியர்களுக்கான மாகாணப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். அந்த இடத்துக்கு வழக்கமாகப் போகிறவர் ரோஸ்னிடா. தலைமையாசிரியர் பாக் ஜாஸ்ரில் வரலாறு படித்தவர். சதவீதத் தேர்வின் முடிவுகளை உற்சாகமாக அறிவித்தார்.

"ஏழு 'ஏ'வுல போன வருஷம் நூத்துக்கு எண்பது பேர் தேறினாங்க, இந்த வருஷம் தொண்ணூறு. பத்து சதவீத வளர்ச்சி. ஏழு 'பி'யில நாப்பது, இந்த வருஷம் அறுபது. இருபது சதவீத வளர்ச்சி! அதனால இந்தத் தடவை டெஸ்மிரா போகட்டும்."

கைதட்டல் எழுவதற்குள் ரோஸ்னிடா எழுந்துவிட்டார்.

"தப்பு, பாக். கணக்கே தப்பு. பத்தும் இல்ல, இருபதும் இல்ல. எந்த நூறுன்னு கேட்காம சதவீதம் சொல்லலாமா?"

சுண்ணக்கட்டியோடு பலகைக்குப் போனார். கோபம் முன்னே ஓடியது, கணக்கு பின்னால் வந்தது. எண்பதிலிருந்து தொண்ணூறு. வளர்ந்தது பத்து, எண்பதில் பத்து. பன்னிரண்டரை சதவீதம் என்று எழுதினார். அடுத்தது நாற்பதிலிருந்து அறுபது. வளர்ந்தது இருபது, நாற்பதில் இருபது.

அவர் கை நின்றது. அறை முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டெஸ்மிராவின் வளர்ச்சி இருபதல்ல, ஐம்பது. அவளைக் கீழே இறக்க எழுந்தவர், தம் வாயாலேயே அவளை இன்னும் மேலே ஏற்ற வேண்டிவந்தது. ஆனாலும் அந்தக் கைக்குப் பொய்க்கணக்கு எழுதத் தெரியாது. "ஐம்பது சதவீதம்" என்று எழுதி, அடியில் அழுத்திக் கோடும் போட்டார்.

"இவளுக்கு நீங்க குறைச்சுக் குடுத்திருக்கீங்க, பாக்" என்றார். குரல் உடைந்திருந்தது.

டெஸ்மிரா சிரித்தபடி பலகைக்கு வந்து, சுண்ணக்கட்டியை வாங்கி எழுதிக்காட்டினார். "உனி, தேறாதவங்களையும் பார்க்கணும்ல? உங்க வகுப்புல நூத்துக்கு இருபது பேரா இருந்தது பத்தாச்சு. பாதியா கொறைச்சிட்டீங்க. எனக்கு அறுபது நாப்பதாச்சு, மூணுல ஒரு பங்குதான் கொறைஞ்சுது. அந்தக் கணக்குல நீங்கதான் முன்னாடி."

"அதையும் நீதான் சொல்லணுமா?" என்று ரோஸ்னிடா வெடித்தார். "நான் அழுதுகிட்டு எழுதினேன், நீ சிரிச்சுகிட்டு எழுதற. பெருந்தன்மையிலயும் என்னை முந்தணுமா உனக்கு?"

டெஸ்மிரா முகம் சுருங்கியது. "நாலு வருஷமா ஜன்னலுக்கு வெளியே நீங்க நடக்கறப்போ எனக்கு வேர்த்துக் கொட்டும், உனி. எங்க தப்புப் பிடிப்பீங்களோன்னு ராத்திரியெல்லாம் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டுத்தான் வருவேன். தள்ளுபடித் தட்டியைப் பார்த்தா இந்த ஊரே உங்க பேரைச் சொல்லுது. என் பேரை ஒருத்தரும் சொல்லலியே. எனக்கு மட்டும் பொறாமை இருக்காதா?"

பாக் ஜாஸ்ரில் இருவரையும் அனுப்பிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஒரே இடம்தான் என்றது மாவட்ட அலுவலகம். டெஸ்மிராதான் போனார். ரோஸ்னிடா பேருந்து நிலையம்வரை வழியனுப்பப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை, பேருந்து கிளம்பும்வரை திரும்பியும் வரவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் உயிர்த்தோழிகள் ஆனார்கள் என்று எழுதினால் மறுபடி எங்களைத் திட்டுவார். ஆகவில்லை. இருவரும் ஒருவர் வினாத்தாளை ஒருவர் பறித்துப் பார்த்தார்கள், ஒருவர் உத்தியை ஒருவர் திருடினார்கள், ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். இடையில் பிள்ளைகள் படித்துத் தேறினார்கள்.

சென்ற மாதம், ஏழு 'ஏ'வை இனி யாரிடம் ஒப்படைப்பது என்று தலைமையாசிரியர் கேட்டார். பாடாங்கிலிருந்து ஒரு புதியவரை அனுப்பத் தயாராக இருக்கிறார்கள் என்றார்.

"வேணாம், பாக். டெஸ்மிராவுக்கே குடுங்க."

"உங்களுக்குத்தான் அவங்களைப் பிடிக்காதே?"

"பிடிக்காதுதான். ஆனா புதுசா ஒருத்தி வந்து என்னைவிட நல்லா நடத்தினா என்னால தாங்க முடியாது. இவகிட்ட தோத்துப் பழகிட்டேன்."

இபு ரோஸ்னிடா அவர்களே! உங்களைப் பொறுமைசாலி என்று எழுதவில்லை, வாக்கைக் காப்பாற்றிவிட்டோம். பொறாமையில் எரிந்தபோதும் பலகையில் ஓர் எண்ணைக்கூடப் பொய்யாக எழுதாத நேர்மைக்கு எங்கள் தலை தாழ்கிறது. முழங்கால் வலி நீங்கி, கண்ணொளி மங்காமல், பாக் பஹ்ருலோடு பல்லாண்டு பசியும் உறக்கமும் குன்றாமல், பேரப்பிள்ளைகள் சூழ நீங்கள் பூரித்து வாழ இறைவன் அருளட்டும்!

டெஸ்மிரா மேல் நீங்கள் பட்டதுபோல் எங்கள் மேல் ஒருவரும் பொறாமைப்படவில்லையே என்ற ஏக்கத்தோடு,

பாயகும்புப் பள்ளியின்
ஆசிரியர்களும் அலுவலர்களும்