அழ வைக்கிற ஆஸ்பத்திரி

ஊசி குத்தினா அழாது, தடுக்கி விழுந்தா அழாது, பசிச்சாலும் அழாது. ஆனா பொம்ம இல்ல. அது என்ன? சொல்லு பாப்போம்.

கல்லா? கல்லுக்கு எங்கம்மா பசிக்கும்?

சரி, வாசலையே பாக்காத. உன் பொண்ணு பின்னாடி ரூம்லதான் இருக்கா, அவள வளத்த தையக்காரம்மாவும் கூடத்தான் இருக்கு. நீ இன்னிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். யாரும் உன்ன ஏமாத்தல, தங்கச்சி. உக்காரு. நான் நர்சு, நின்னுட்டே பேசிப் பழகிட்டேன். நீ உக்காரு.

சண்ட ஓஞ்சு இந்தக் கட்டடத்துக்கு மறுபடி கதவு மாட்டின பெறகு, மொத தடுப்பூசி நாள். வாசல் வரைக்கும் வரிசை. கைக்கொழந்த, நடக்கற கொழந்தன்னு எல்லாம். முன்னெல்லாம் ஊசி நாள்னா சந்தக்கடை தோத்துப் போகும். ஒண்ணு ஆரம்பிச்சா போதும், ஒத்து ஊதற மாதிரி மத்ததெல்லாம் சேந்துக்கும். அன்னிக்கு ஒரு சத்தம் இல்ல. நான் குத்திட்டே போறேன், பஞ்ச வெச்சுத் தேய்க்கறேன், அடுத்ததுன்றேன். எனக்கு ஒரே சந்தோஷம், போ. என்னமா வளத்திருக்காங்க, தங்கக் கட்டிங்கன்னு தாய்மாருங்கள வேற மெச்சிக்கறேன்.

டாக்டரம்மாதான் திடீர்னு என் கையப் புடிச்சாங்க. நர்சம்மா, ஊசியக் கீழ வைங்க, ஏன் ஒண்ணுகூட அழலன்னாங்க. அப்பத்தான் நிமிந்து பாத்தேன். அத்தனையும் என்னையே பாத்துட்டு நிக்குது. உதட்ட உள்ள மடிச்சுக் கடிச்சுக்கிட்டு. கண்ணுல மட்டும் தண்ணி.

அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு நம்ம ஆளுங்க சொல்வாங்க. இங்க அழுத புள்ள என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாததா, நான் சொல்லணும்?

அன்னையிலேருந்து இங்க ஒரு பழக்கம். மத்த ஆஸ்பத்திரியில அழுதா மிட்டாய் குடுத்து நிறுத்துவாங்க. நாங்க அழுதா கை தட்டுவோம். ஒரு சத்தமாவது வராம வீட்டுக்கு விடமாட்டோம். கூரைத் தகரத்துல குச்சியால அடிப்போம், யார் பெரிசா கத்தறான்னு பந்தயம் வெப்போம். இது அழ வைக்கிற ஆஸ்பத்திரின்னு ஊரே கிண்டல் பண்ணுது. பண்ணட்டும்.

உன் பொண்ணுதான் ரொம்பப் படுத்திட்டா. சண்டையோட கடைசி நாள்ல அடிபட்ட உன்ன ஒரு வண்டியில ஏத்தினாங்க, அவள இன்னொரு வண்டியில ஏத்தினாங்க. அந்த வண்டி இங்கதான் வந்து நின்னுச்சு. இந்த ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்க வந்த அம்மா, அளவ மறந்துட்டுப் புள்ளயத் தூக்கிட்டுப் போயிடுச்சு. திரை இன்னும் வரல, பாரு. அந்தத் தையக்காரம்மா தொண்டையத் திறந்தா அடுத்த தெருவுல கடன் கொடுத்தவன்கூட ஓடிடுவான். அந்த வீட்டுல இருந்தும் இவ வாய் திறக்கல. எங்க வலிச்சாலும் தன் கையாலயே தன் வாயப் பொத்திக்குவா. அஞ்சு வெரலும் கன்னத்துல பதியற மாதிரி.

ஏன் கைய முந்தானைக்குள்ள ஒளிக்கற? எடு வெளிய. நீ போன தடவ வந்தப்பவே சொல்லிட்ட, பதுங்குகுழியில தலைக்கு மேல காலடிச் சத்தம் கேட்டுச்சு, அவ வாயப் பொத்தினேன்னு. பொத்தினதாலதான் அவளும் இருக்கா, அந்தக் குழியில இருந்த மத்தவங்களும் இருக்காங்க. 

அங்க பெஞ்சு ஓரத்துல ஒரு அம்மா இருக்காங்களே, மெதுவாத் திரும்பிப் பாரு. அவங்களும் பொத்தினவங்கதான். கை கொஞ்சம் அதிக நேரம் இருந்துடுச்சு. ஒவ்வொரு எடை போடற நாளும் வருவாங்க. வெறும் துண்ட மடிச்சு மடியில வெச்சுக்குவாங்க. அவங்க முறை வந்தா நாங்க கூப்பிடுவோம். எழுந்து வந்து தராசத் தொட்டுப் பாத்துட்டுப் போவாங்க. நாங்க எதுவும் கேக்கறதில்ல.

இந்தா, தண்ணி குடி.

உன் பொண்ணு எப்படி அழுதான்னு சொல்றேன், அதுக்குத்தான் உன்ன உக்கார வெச்சேன். போன மழைக்கு முன்னாடி, இந்தப் படியில உருண்டா. முட்டி ரெண்டும் தோல் உரிஞ்சு ரத்தம். கை போச்சு வாய்க்கு. நான் மருந்து எடுக்க ஓடறேன். அதுக்குள்ள தையக்காரம்மா பக்கத்துலயே பொத்துன்னு உக்காந்து, ஐயோ என் முட்டி, என் முட்டி போச்சேன்னு ஒப்பாரி வெச்சுடுச்சு! எனக்கு மொதல்ல கோவம். விழுந்தது யாரு, அழறது யாரு? தெருவுல போறவங்கல்லாம் நின்னுட்டாங்க.

இவளுக்குப் பயம் வந்துடுச்சு. சத்தம் வெளிய கேக்குமேன்னு. தன் வாய விட்டுட்டு ரெண்டு கையையும் கொண்டுபோய் அந்த அம்மா வாயப் பொத்தினா. அது அடங்குமா? உள்ளங்கையில புர்ருனு ஊதுது. இவ இன்னும் அழுத்தறா. ரெண்டு கையும் அங்க மாட்டிக்கிச்சு இல்லையா, இவ வாயப் பொத்த ஆளில்ல. வந்துச்சு பாரு ஒரு சத்தம். ஆட்டுக்குட்டி மாதிரி, தொண்ட கட்டின ஆட்டுக்குட்டி. மதியம் வரைக்கும் அழுதா. நாங்க கை தட்டவே மறந்துட்டோம்.

இப்பவும் அவளா அழமாட்டா. பக்கத்துல ஒருத்தர் மொதல்ல அழணும். அப்பத்தான் கை நகரும்.

இல்லம்மா, நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட. நீ அவள விட்டுட்டுப் போகணும்னு நான் சொல்ல வரல. பெத்தவ நீ. இவ்வளவு தூரம் நொண்டிக்கிட்டே தேடி வந்தவ. உன்ன மூணு தடவையா பாக்கறேன், நீயும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல, பல்லக் கடிச்சுக்கிட்டே நிக்கற. அதான் எனக்குக் கவலை. ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ள சத்தமில்லாம உக்காந்திருந்தீங்கன்னா யார் மொதல்ல ஆரம்பிக்கறது? அவளுக்காகவாவது நீ அழப் பழகணும். சும்மாவாவது, நடிச்சாவது. வெக்கப்படாத. அவ கை உன் வாய்க்கு வரும், வந்தா தட்டி விடாத.

தையக்காரம்மாவே இதையெல்லாம் உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்துச்சு. காலையிலேருந்து அதுக்குப் பேச்சே வரல. நீங்களே சொல்லிடுங்கன்னு சைகை காட்டிடுச்சு.

உன் பொண்ணையும் காலையிலயே கேட்டுட்டோம். டாக்டரம்மாதான் கேட்டாங்க, மடியில உக்கார வெச்சு. இங்கயே இருக்கியா, வர்ற அம்மாகூடப் போறியான்னு. போறேன்னு சொல்லிட்டா. சத்தம் போடமாட்டேன்னு உங்கிட்டச் சொல்லச் சொன்னா.