டிக்கிக்குப் பின்னால ஒரு சைக்கிளு

அதுங்களா? எவனோ ஆணி வெச்சுக் கீறிட்டான்னு நெனச்சுக்காதீங் தம்பி. அது ஜெர்மனிக் கீறலுங்க. தொட்டுப் பாருங்க, பரவால்ல. டிக்கி மூடியில மேல, கீழ, பக்கவாட்டுல எல்லாப் பக்கமும் இருக்கும். கொக்கி மாட்டுன தடம். வண்டி எங்கியும் இடிக்கலீங்க. பின்னால ஒரு சைக்கிளச் சொமந்துச்சு, அவ்வளவுதான்.

ஆமாங்க, சைக்கிளுதான். சைக்கிள்ல போறவன் காருக்கு ஏங்குவான், காருல போறவன் சைக்கிளக் கட்டி எடுத்துட்டுப் போவானான்னு சிரிக்கறீங்கல்ல? நல்லாச் சிரிங்க. நானும் அப்படித்தான் சிரிச்சேன். கட்டிக் குடுத்த எடத்துல வேறென்ன பண்றது?

என்ற ஊட்டுக்காரரு பேரு ஈஸ்வரமூர்த்திங்க. பனியன் கம்பெனி. எக்ஸ்போர்ட்டு. ரெண்டாயிரத்து நாலுல கம்பெனி நல்லா ஓடுச்சு, ஒடம்புல சக்கரையும் நல்லா ஓடுச்சு. டாக்டரு நடங்கன்னாரு. இவரு முட்டி வலிக்குதுன்னாரு. அப்பச் சைக்கிள் ஓட்டுங்கன்னுட்டாரு. பாவம், அந்த டாக்டரு வெளியூருங்க. திருப்பூர்ல ஒரு மொதலாளி சைக்கிள்ல போனா ஒடம்பப் பாத்துக்கறாருன்னா சொல்லுவாங்க? கம்பெனி முழுகிப்போச்சும்பாங்க. காலைல சைக்கிள்ல போனா மத்தியானம் நூல்காரரு பாக்கியக் கேட்டு வாசல்ல வந்து நிப்பாரு. அதனால, கியரு வெச்ச நல்ல சைக்கிளா வாங்கி, மொட்டமாடி ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாருங்க. சக்கரை பயந்துக்கும்னு நெனச்சாரோ என்னமோ.

அப்பத்தான் ஜெர்மன்காரப் பையரு வந்தாரு. நம்ம துணி வாங்கற ஆளுங்க. எப்ப வந்தாலும் பொட்டி நெறைய சாம்பிள் கொண்டாருவாரு. இவரு என்னத்தச் சொல்லிப் பொலம்புனாரோ, அடுத்த வாட்டி ஒரு கம்பிச் சட்டத்தக் கொண்டாந்து குடுத்தாரு. டிக்கி மேல வெச்சுக் கட்டுனா அதுல சைக்கிளத் தொங்கவுடலாம். அவங்க ஊர்ல காட்டுக்குள்ள போயி ஓட்டறதுக்கு அப்படிக் கொண்டு போவாங்களாம். இவரு ஊருக்குத் தெரியாம ஓட்டறதுக்கு.

கட்டறதா? ஒண்ணுமில்லீங்க, கொழந்தை கட்டீரும். சட்டத்துக்குப் பஞ்சு வெச்ச காலு இருக்குது. அத டிக்கி மேலயும் பம்பர் மேலயும் உக்கார வெக்கோணும். அதுலருந்து வார நாடாவுல கொக்கி இருக்கும். டிக்கி ஓரத்துல மாட்டி இழுத்து இறுக்கோணும். கூட ஒரு பொஸ்தகம் குடுத்தாங்க, எழுத்து பூராவும் ஜெர்மனு, ஆனாட்டி படம் இருந்துச்சு. படத்தப் பாத்து வேலை செஞ்சா மொதலாளிக்கு மரியாதை இல்லீங்களே. அவராவே மாட்டுனாரு. மாட்டி முடிச்சா மிச்ச நாடா கீழ தொங்குது. தொங்குனா என்னங்க, சுருட்டிச் சொருகி வெக்கலாம். இவருக்குத் தொங்கற நூலப் பாத்தாலே கை அரிக்கும். கட்டிங் மாஸ்டர் அங்கமுத்துவ ஊட்டுக்கு வரச் சொல்லி, பெரிய கத்திரியில அளவா வெட்டிப்புட்டாரு. பாக்க அத்தன லட்சணமா இருந்துச்சுங்க. 

பெறகு பாத்தா நெம்பர் பிளேட்ட மறைக்குது. சட்டத்தக் கொஞ்சம் மேல ஏத்துனாரு. கீழ் நாடா எட்டல. எப்படிங்க எட்டும்? அதுக்கும் வழி வெச்சிருந்தாரு. கம்பெனியிலருந்து எலாஸ்டிக்கு கொண்டாந்து ஒட்டுப் போட்டுத் தெச்சாரு. இடுப்புக்கு வெக்கற எலாஸ்டிக்குங்க, ஜட்டிக்கு. நான் கேட்டேன், தாங்குமான்னு. ஐரோப்பா பூராவும் இதுலதான் இடுப்புல நிக்குது, ஒரு சைக்கிளத் தாங்காதான்னுட்டாரு.

நான் எதுக்குக் கூடப் போனேனா? அவரு சைக்கிள்ல போயிட்டா காரு தானாவா வரும்? அதுக்காவே டிரைவிங் ஸ்கூல்ல சேத்துவுட்டாரு. அதுக்கு முந்தி சாவிய மோந்து பாக்கக்கூட வுட்டதில்ல. ஞாயித்துக்கெழம விடிய பல்லடம் தாண்டிப் போயி, ஆளில்லாத எடமாப் பாத்துச் சைக்கிள எறக்குவாரு. அரைக்கால் டவுசரு, தலையில தொப்பி. அவரு முன்னால மிதிப்பாரு, நான் பின்னால ரெண்டாம் கியர்ல உருட்டிட்டே போவேன். குண்டடம் வந்ததும் எளநி குடிப்போம். எல்லாரும் பொண்டாட்டியக் கூட்டிட்டு ஊட்டி போவாங்க, கொடைக்கானல் போவாங்க. இவருக்கு வருசம் பூரா ஷிப்மெண்டு. கல்யாணமாயி நாங்க ரெண்டு பேரும் மட்டும் தனியாப் போன ஊருன்னா அது குண்டடந்தானுங்க. எளநிக்காரரு எங்களப் புதுசாக் கட்டுன ஜோடின்னு நெனச்சிருப்பாரு. தலை நரைச்சதப் பாத்துட்டு விட்டுருப்பாரு.

அப்படி ஒரு நாள் திரும்பி வாரோம். சைக்கிள் பின்னால தொங்குது, அவரு ஓட்டறாரு. பல்லடம் வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டம். பின்னால ஒரு பிரைவேட் பஸ்சு ஹாரன் அடிச்சுட்டே வருது. வழி கேக்கறான்னு இவரு கையக் காட்டறாரு. அவன் முந்தாம இன்னும் அடிக்கறான். பல்லடத்துல பஸ்சுக்காரன் ஹாரன் அடிக்கறதெல்லாம் ஒரு சேதியான்னு நானும் உக்காந்திருக்கேன். அப்பறம் தரதரன்னு ஒரு சத்தம். டமார்னு ஒரு சத்தம். எலாஸ்டிக்கு ஐரோப்பாவுக்கே போயிருச்சுங்க. சட்டம் ஒரு பக்கம் சாஞ்சு, சைக்கிள் நடுரோட்ல கெடக்குது. பஸ்சு பிரேக் போட்டு நின்னப்ப சைக்கிளுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மொழந்தான் எடம். நல்லவேளை, யாருக்கும் அடி இல்ல. 

பஸ்சு ஜன்னல் பூராவும் தலைங்க. அதுல ஒரு தலை மாரக்காளோடது. எங்க கம்பெனி டெய்லருங்க, லீவுக்கு ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வாரா. பாத்ததும் பேசாம இருக்கலாமில்ல? மொதலாளி, உங்க சைக்கிள் உழுந்துருச்சுங்கன்னு ஒரு சத்தம். மெசினு சத்தத்துலயே பேசிப் பழகுன தொண்டைங்க. பல்லடத்துல அன்னிக்கு அதக் கேக்காத ஆளில்ல.

எறங்குனாரு. டவுசரோட. ஊட்டுலருந்து அத்தன தூரம் மறைச்சு மறைச்சுக் கொண்டு போன சைக்கிளு. கண்டக்டரு எறங்கி வந்து, முன் சக்கரத்தத் தொடை நடுவுல வெச்சுக் கோணுன ஹேண்டில நேரா முறுக்கிக் குடுத்தாரு. வேற சேதாரம் இல்ல. ஆனாட்டி சட்டத்துல மாட்ட முடியாது, காருக்குள்ளயும் நொழையாது. இவரு சைக்கிளப் புடிச்சுட்டு என்னப் பாக்கறாரு. அப்படி அவரு முழிச்சு நான் பாத்ததே இல்லீங்க. எனக்குச் சிரிப்பு வரல அப்ப. ஏறி மிதிங்க, நான் பின்னால வாரேன், அப்படின்னேன்.

மிதிச்சாருங்க. பல்லடத்துலருந்து திருப்பூருக்கு, மெயின் ரோட்டுல, வழி நெடுக அவரத் தெரிஞ்சவங்க. தொப்பிய மட்டும் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டாரு. அது ஏன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. பின்னால நானு. எனக்குப் பின்னால அந்த பஸ்சு, முந்துனாத்தான? டிரைவரும் வேடிக்கை பாத்துட்டே வாரான். ஊடு வந்து சேந்தாரு, சட்டையப் புழிஞ்சா ஒரு கொடம் வரும். உக்காந்து தண்ணி குடிச்சுட்டு, அனுசுயா, காத்து நல்லா இருந்துச்சுன்னாரு. அவ்வளவுதான்.

நூல்காரரா? மறுநாளே வந்துட்டாருங்க, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு. இவரு அவரையும் சைக்கிள்ல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு வுட்டாரு. அந்த வருசமே நூல்காரரும் ஒரு கியரு சைக்கிளு வாங்கி, ஒரு சட்டமும் வாங்கி, எப்படீங்கம்மா கட்டோணும்னு எங்கிட்ட வந்து நிக்கறாரு. ஜெர்மனியிலருந்து புது நாடா வந்ததுக்கப்பறம் கட்டறது என்ற வேலைங்க. டிக்கியில இருக்கற மண்ணத் தொடச்சுட்டுத்தான் சட்டத்தோட கால வெக்கோணும், இல்லாட்டி பெயிண்டு போயிரும். கட்டி முடிச்சுச் சைக்கிளப் புடிச்சு ஆட்டிப் பாக்கோணும். காரும் சேந்து ஆடுனாச் சரி. சைக்கிளு மட்டும் ஆடுனா அவுத்துக் கட்டோணும். 

இப்ப ஏன் கழட்டிட்டோம்னா? போன ஆடியில ஒரு நாள் காலைல அவரால எந்திரிக்க முடியலீங்க. ஒரு பக்கம் விழுந்துருச்சு. பேச்சும் நின்னுபோச்சு. சைக்கிள் ஓட்டுனா எந்தச் சீக்கும் வராதுன்னாங்க, அது வேற யாருக்கோ போல.

ஆசுபத்திரியில இல்லீங்க. இங்கதான், நீங்க சாஞ்சுட்டு நிக்கறீங்கல்ல, அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் கட்டில்ல. கேட்டுட்டுத்தான் இருக்காரு. 

ஐயோ, நீங்க எதுக்குங் தம்பி பதறறீங்க? பேச்சுக் குடுத்துட்டே இருங்க, வார்த்தை வரும்னு டாக்டரு சொன்னாரு. நான் நேராப் பேசுனா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. ஆனா அவரப் பத்தி வெளியாளுங்ககிட்ட நான் ஒண்ணு சொன்னா முந்தியெல்லாம் பொறுக்கவே மாட்டாருங்க. சோத்துக் கையோட ஓடியாந்து, அது அப்படி இல்லடின்னு நிப்பாரு. அதுக்குத்தான் வண்டி விக்கறம்னு வாசக் கேட்டுல எழுதித் தொங்கவுட்டேன். உங்களுக்கு முந்தி வந்தவருகிட்டப் பேசிட்டிருந்தப்ப உள்ள ஒரு சத்தம் வந்துச்சு. பாத்துக்கற புள்ள இருமல்ங்குது. எனக்கு அப்படித் தெரியல.

கோவிச்சுக்காதீங்க, வண்டி விக்கறதுக்கில்ல. காப்பி போடச் சொல்லியிருக்கேன், குடிச்சுட்டுத்தான் போகோணும். ஒரு ஒதவி மட்டும் பண்ணுங் தம்பி. போறப்ப, அந்த ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த வண்டி ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டுப் போங்க.