காணாமல் போன பன்னிரண்டாம் ஃபாரம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் புத்தகம் படிப்பது என் வழக்கம். சிவகாசியில் நாற்பது வருடமாகப் பைண்டிங் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைதான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் ஒரு வரியையும் தாண்டிப் போக முடியாது.

‘ஆற்றங்கரை அஞ்சலட்டை’ என்ற காதல் நாவலையும் அப்படித்தான் படித்தேன். அதன் எட்டுப் பதிப்பையும் தைத்தவன் நான். செண்பகவல்லியும் துரைக்கண்ணுவும் கடைசிப் பக்கத்தில் சேர்கிறார்களா என்று எட்டுத் தடவையும் பார்த்தேன். சேர்ந்தார்கள்.

எழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் மருமகன் ராஜபாண்டியன் இரண்டாம் பாகம் எழுதிக் கொண்டுவந்தார். தலைப்பு, ‘துரைக்கண்ணுவைக் கொன்றது யார்?’ முதல் பக்கத்திலேயே துரைக்கண்ணு செத்துக் கிடக்கிறான். அப்புறம் நூற்றெழுபத்தைந்து பக்கத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் டீ குடிக்கிறார். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தோரு டீ. கடைசி ஃபாரத்தில், அதாவது கடைசிப் பதினாறு பக்கத்தில், பாலில் விஷம் வைத்தது செண்பகவல்லிதான் என்கிறார். சாட்சி என்ன? அவள் அழவில்லையாம்.

யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள் நான் இல்லை. செய்யாத குற்றத்தை ஒரு பெண் தலையில் கட்டும்போது சும்மா இருக்கிறவனும் இல்லை.

பன்னிரண்டு ஃபாரத்தையும் வரிசையாக அடுக்கித் தருவது இருளம்மாள். பதினெட்டு வருடமாக என் பக்கத்து மேஜை. அவள் தந்த ஆயிரம் அடுக்கிலிருந்தும் பன்னிரண்டாவதை உருவிவிட்டுத் தைத்தேன். மூன்று நாள் பிடித்தது. உருவியது கழிவுத்தாளோடு ஏழாயிரம்பண்ணைக்கு லோடு ஏறி, வெடிக்குக் குழாயாகச் சுற்றப்பட்டு, தீபாவளிக்கு நல்ல சத்தத்தோடு போனது.

நான்கு மாதம் ஒரு புகாரும் இல்லை. அவ்வளவு தூரம் ஒருத்தரும் படித்துப் போகவில்லை போலிருக்கிறது. ஐந்தாம் மாதம் ராஜபாண்டியனே பிரித்துப் பார்த்துவிட்டு பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். முதலாளி ஸ்ரீராம்குமார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“ஏம்மா இருளம்மா, ஆயிரத்துலயும் அதே ஃபாரம் எப்படி விடுபடும்?”

“பன்னெண்டும் வச்சுத்தான் கொடுத்தேன் முதலாளி. அண்ணாச்சியக் கேளுங்க.”

“கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாருங்க” என்றார் ராஜபாண்டியன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “சீனிச்சாமி அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. வச்சாளா?”

“நான் கவனிக்கலையே” என்றேன்.

அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகும்போது, “வாரேன் அண்ணாச்சி” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பேர் கெட்டுப்போனதால் வேறு எந்த பிரஸ்ஸிலும் சேர்க்கவில்லை. இப்போது சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டப் போகிறாளாம்.

அடுத்த மாதம் அந்தப் புத்தகத்தை மறுபடி அடிக்கிறார்கள். தைக்கப் போவது நான்தான். இருளம்மாள் எப்படியும் பிழைத்துக்கொள்வாள், கை கால் நன்றாக இருக்கிறது. செண்பகவல்லிக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?