நைனாவைத் தாண்டி நம்பர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி செல்வி இதை எழுதுகிறாள். பஸ்ஸில் அடுத்தவர் பேச்சில் நான் தலையிடுவதில்லை. அதற்காகக் காதைப் பொத்திக்கொள்வதும் இல்லை.

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு பந்தல் கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் செல்போனில் கடையின் புது வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க நைனாவைத் தாண்டினாத்தாங்க நம்ம போன் நம்பரே வருது.”

“தாண்டட்டுமே. அவரு ஆரம்பிச்ச கடைதானே?”

“மொத பக்கம் பூரா நைனா படம். அவரைத் தொட்டா உங்க தாத்தா வராரு. தாத்தாவைத் தொட்டா குலசாமி. சாமிக்கும் அப்பாலதான் நம்பரு. பந்தல் கேக்குறவன் அவ்ளோ தூரமா போவான்? தை பொறந்துடுச்சு, ஒருத்தன் கூப்பிடல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்:

“சரி, நைனா தலைக்கு மேலயே நம்பரைப் போடச் சொல்றேன்.”

“யாரு நம்பரு? நீங்கதான் போனே எடுக்கறதில்லையே.”

“அப்ப உன்னுதைப் போட்டுக்கோ.”

“ஐயையோ, மாமனாரு தலைக்கு மேல என் நம்பரா? கால்கிட்ட போடச் சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “பெருசா போடச் சொல்லுங்க.”

செல்வி, போதும். எழுதினதை ஒருதரம் வாசி. அவள் கடைசியாகச் சொன்னது விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று கேட்கிறேன்.