இராசில்டாவின் மழை நோட்டு

மேடையில் வீற்றிருக்கும் கொட்டை சேகரிப்போர் சங்கத் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, ஆற்றின் இரு கரையிலிருந்தும் படகேறி வந்திருக்கும் உறவுகளே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே லுசெனிர்!

நம் தீயணைப்புக் குழுத் தலைவி, அம்மையார் இராசில்டா பன்டோஜா மறைந்துவிட்டார். என்னை ஏன் பேச அழைத்தீர்கள் என்று தெரியும். இளம் வயதில், புனித ஜோவான் திருநாள் நெருப்பைக் கைகோத்து மூன்று முறை தாண்டி உறவானவர்கள் நாங்கள். அன்றிலிருந்து நான் அவருக்குக் கொம்பாத்ரி, அவர் எனக்குக் கொமாத்ரி. அந்த உரிமையில்தான் அழைத்தீர்கள். அந்த உரிமை எனக்கு உண்டா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

உலகம் சூடேறுகிறது என்று பெரிய நகரங்களில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அம்மையார் பேசவில்லை, அளந்தார்! இருபத்தாறு ஆண்டுகள், தினமும் காலை ஆறு மணிக்கு, வாசல் கம்பத்துத் தகரக் குவளையில் எவ்வளவு மழை என்று பார்த்து நோட்டில் எழுதினார். காய்ச்சலிலும் எழுதினார். கணவரை அடக்கம் செய்த அன்றும் எழுதினார். அந்த நோட்டைத் தேடி வெகுதூரத்துத் தெற்கிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். "உங்க காடு விடுற மூச்சுதாம்மா எங்க ஊர்ல மழையாப் பெய்யுது. இங்க மரம் விழ விழ எங்க அணை வத்துது" என்றார். அம்மையார் விடுவாரா? "இத்தன வருஷமா எங்க மழையக் குடிச்சுட்டு, இப்பத்தான் நன்றி சொல்ல வழி தெரிஞ்சுதாக்கும்! உக்காருங்க, அசாயிப் பழச்சாறும் குடிச்சுட்டுப் போங்க."

சிரியுங்கள், அவருக்குப் பிடிக்கும். இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கில்லை.

நம் வழக்கம் என்ன? மரவள்ளி நட வெட்டிய புனத்தைக் காயவிடுவோம். முந்திரி பூத்ததும் தீ வைப்போம். ஒரு வாரத்தில் முந்திரி மழை வந்து மிச்சத் தீயை அணைக்கும். என் அப்பா அப்படித்தான் செய்தார்.

மூன்றாண்டுக்கு முன் முந்திரி பூத்தபோது கொமாத்ரி நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "வைக்காத கொம்பாத்ரி. போன வருஷமே மழை முப்பது நாள் பிந்துச்சு. கடல்லேர்ந்து அது மரத்து மேல கால வச்சு வச்சுத்தான் நம்மகிட்ட வருது. கெழக்க பண்ணைக்காரன் காடு பூரா வெட்டி மாட்ட விட்டுட்டான். இனி எதுல கால வைக்கும்?"

"உன் தகரக் குவளைக்குத் தெரியிறது எங்கப்பனுக்குத் தெரியாதா?" என்றேன்.

தீ வைக்கும் முன் அண்டை வீடுகளுக்குச் சொல்லி ஆள் நிறுத்துவது நம் முறை. சொன்னால் கொமாத்ரி காதுக்குப் போய்விடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. வைத்தேன். மழை வரவில்லை! நாற்பது நாள் வரவில்லை! கணுக்கால் உயரத் தீ, சருகு சருகாக ஊர்ந்து, நாம் கொட்டை பொறுக்கும் கஸ்தான்யா மரக் காட்டுக்குள் போயிற்று. யார் வைத்த தீ என்று இன்றுவரை தேடுகிறீர்கள். இனித் தேட வேண்டாம். ஜெனேசியோ தவாரெஸ் என்கிற நான் வைத்த தீ அது!

கொமாத்ரிக்குத் தெரியும். முதல் ஆளாக ஓடி வந்தவர் அவர்தான். அழுதுகொண்டு நின்ற என் கையில் வாருகோலைத் திணித்தார். "பேச்ச அப்புறம் வச்சுக்கலாம். இப்பச் சருகக் கூட்டு." ஒன்பது நாள் புகைக்குள் நின்றார். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அன்று பிடித்த இருமலும் அவரை விடவில்லை. லுசெனிர், உன் தாயின் நெஞ்சில் இருந்தது நான் வைத்த தீயின் புகை, அம்மா. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் கூசுகிறது.

நேற்று உங்கள் வீட்டில் அந்த நோட்டின் கடைசி வரியைப் படித்தேன். "மழை இல்லை. முந்திரி மொட்டு விட்டிருக்கிறது. கொம்பாத்ரி புனம் வெட்டியிருக்கிறார், போய்ச் சொல்ல வேண்டும்."

சொல்லிவிட்டாய், கொமாத்ரி. இந்த முறை காதில் விழுந்தது.

வரும் வழியில் பார்த்தேன், முந்திரி பூத்துவிட்டது. நம் எல்லோர் புனமும் காய்ந்து கிடக்கிறது. குவளையில் மழை விழும்வரை என் புனத்தில் தீ விழாது. லுசெனிர் சம்மதித்தால் நாளைக் காலை ஆறு மணிக்கு அந்தக் கம்பத்தடியில் நோட்டோடு நிற்பேன். 'மழை இல்லை' என்று எழுத நான் ஒருவன் போதும். 'யாரும் தீ வைக்கவில்லை' என்று எழுத நீங்கள் அத்தனை பேரும் வேண்டும். சம்மதிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.